கோட்டின் அகலம்

சுமந்த் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதே ஷெமியின் பெயர் வந்துவிடும். ஷெமி இன்று இப்படிச் சொன்னாள், ஷெமி அதைக் கண்டுபிடித்தாள், ஷெமிக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் வேலையில் கெட்டிக்காரி. மீரா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். முதலில் 'உம்' கொட்டினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அவன் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

கிழக்கேகோட்டைக்கு அருகே இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லாபில் சுமந்துக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. ரத்தக் குழாய்கள் வந்து சேரும் பிரிவை ஷெமி பார்த்துக்கொண்டாள். பாறசாலைப் பக்கத்துக்காரி, சமீபத்தில்தான் சேர்ந்திருந்தாள். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டுகிற சின்ன லேபிளில் நோயாளியின் பெயர், வயது, கீழே பார்கோடு. அந்தக் கோடுகளைப் படித்துத்தான் இது யாருடைய ரத்தம் என்று மெஷின் தெரிந்துகொள்ளும். ஆகவே லேபிள் சரியாக வராவிட்டால் ஷெமி சுமந்தைத்தான் கூப்பிடுவாள். கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவாள் என்று மீராவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

கல்யாணத்துக்கு முன் மீராவும் சுமந்தும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. மீரா அவனுக்கு ஒரு வருஷம் சீனியர். அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கரமனை வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு மாமியார் லலிதாம்பாள் காதில் விழும்படி 'நீங்கோ' என்றும், தனியாக இருக்கும்போது 'நீ' என்றும் பழகிக்கொண்டாள். கம்பெனியில் அவளுடைய வேலையே பிரிண்டரோடு பேசுவதுதான். பார்கோடை ஒரு படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்பலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மெதுவாக வரும், ஓரங்கள் மங்கும். மீரா அப்படிச் செய்யமாட்டாள். பிரிண்டருக்குப் புரிகிற கட்டளைகளையே நேராக எழுதி அனுப்புவாள். இந்த இடத்தில் ஆரம்பி, இவ்வளவு உயரம், ஒரு கோட்டுக்கு இவ்வளவு அகலம், எண் இது. அவ்வளவுதான். கோடுகளைப் பிரிண்டரே வரைந்துகொள்ளும். மயிரிழை பிசகாமல் ஓரங்கள் கூர்மையாக வரும். அந்தச் சின்ன வெள்ளைக் காகிதம் பிரிண்டரின் வாயிலிருந்து வெளியே வரும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பையன் பிறந்தான். அவனுக்கு மூச்சுத் திணறல். அதே சமயம் கம்பெனி கொச்சிக்குப் போயிற்று. மீரா போகவில்லை. சுமந்த் லாபில் சேர்ந்தபோது அவனுக்குக் கொடுத்த முதல் வேலையே இந்த லேபிள்தான். ஒரு சனிக்கிழமை பிரிண்டரை ஆட்டோவில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தான். சாப்பாட்டு மேஜையில் வைத்து மீரா எழுதிக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டு அவன் பார்த்தான். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போனான். டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பது போலத்தான் அதுவும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவன் போனை நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் பாரேன். சில குழாயை மட்டும் மெஷின் எடுக்க மாட்டேங்கறது. ஷெமி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா."

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு குழாய். மீரா குழாயைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய சுத்தமான நகங்கள். சின்ன சிவப்புக் கல் வைத்த மெல்லிய மோதிரம். வெளிச்சம் லேபிளில் சரியாக விழும்படி குழாயை லேசாகச் சாய்த்திருந்தாள். பார்த்துப் பார்த்து எடுத்த படம். படத்தைப் பெரிதாக்கியபோது மீராவின் கண் அந்த மோதிரத்திலேயே நின்றது. பிறகுதான் லேபிளுக்கு வந்தது.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கோடுகள் வழக்கத்தைவிடத் தடித்திருந்தன. வலது பக்கம் காகிதத்தின் விளிம்புவரைக்கும் ஓடி, கடைசிக் கோடுகள் வெட்டுப்பட்டிருந்தன. பார்கோடுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளை இடம் வேண்டும். இல்லாவிட்டால் எங்கே முடிகிறது என்று மெஷினுக்குத் தெரியாது. அகலம் எங்கேயோ மாறியிருக்கிறது. குழந்தைக்குக்கூடப் புரியும்படி சொல்லியிருக்கலாம்.

"பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடறதுன்னு ஷெமிதான் கண்டுபிடிச்சா. என்ன புத்தி பாரு அவளுக்கு," என்றான் சுமந்த்.

மீரா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றாள்.

அன்று படுத்த பிறகு அவளுக்கு ஒரு குரூரமான நிம்மதி இருந்தது. ஆஃப் பண்ணட்டும், ஆன் பண்ணட்டும். அத்தனை புத்தியுள்ளவள்தானே. அடுத்தடுத்த நாட்களிலும் சுமந்த் அந்தக் கதையைக் கொண்டுவந்தான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேபிளை மாற்றினார்களாம். காகிதச் சுருளை மாற்றினார்களாம். ஷெமி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு பிரிண்டரின் உள்ளே துடைத்தாளாம். இரண்டு தலைகள் ஒரு பிரிண்டரின் மேல் குனிந்திருப்பதை மீரா மனதுக்குள் பார்த்தாள். ஒரு காலத்தில் அவள் மேஜைக்கு அவன் எதையாவது கேட்டுக்கொண்டு வருவானே, அதே குனிவு. குழம்பில் உப்பு கூடியது. லலிதாம்பாள் ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. வித்துராவில் லாபின் புதிய கிளை திறக்கிறார்கள் என்று சுமந்த் விடியற்காலையிலேயே லாப் வண்டியில் கிளம்பிப் போனான். அவசரத்தில் ஆபீஸ் போனை ஃபிரிட்ஜ் மேல் மறந்துவிட்டான். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மீரா உள்ளே வரும்போது அது அடித்துக்கொண்டிருந்தது. ஷெமி என்று திரையில் தெரிந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

மீரா எடுத்தாள். அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்குகிற குரல், யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தது.

"சாரே, ஒண்ணையும் எடுக்கல்ல கேட்டியளா. ஆஃப் செய்து ஆன் செய்தா ரெண்டு மூணு லேபிள் நேரெ வருது, பின்ன பழையபடிதான்."

"சார் இல்லை. போனை ஆத்துல விட்டுட்டுப் போயிட்டார். நான் அவர் ஒய்ஃப் பேசறேன்."

"அக்காவா? சாருக்க வேற நம்பர்ல கூப்பிட்டா ரேஞ்சு இல்ல. இங்க வல்லாத்த கஷ்டமாக்கும் அக்கா."

ஷெமி கொட்டித் தீர்த்தாள். மெஷின் எடுக்காத குழாய்களின் எண்ணைக் கையால் அடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு எண் மாறி, ஒரு குழந்தையின் ரிசல்ட் இன்னொரு குழந்தையின் பெயரில் போகப் பார்த்தது. நல்ல வேளையாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் இனிமேல் கையால் அடிக்கக் கூடாது, சந்தேகம் உள்ளவர்களிடம் மறுபடியும் ரத்தம் எடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அந்தக் குழந்தையின் அம்மா, இன்னொரு தடவை ஊசி குத்த விடமாட்டேன் என்று வாசலில் நின்று அழுகிறாள்.

"அவர் கூப்பிட்டா சொல்றேன்," என்று மீரா போனை வைத்துவிட்டாள்.

வைத்த கை வைத்தபடி நின்றாள். அவளுடைய பையனுக்கும் அப்படித்தான் குத்தியிருக்கிறார்கள். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலத்தில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி மாற்றிக் குத்த, அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யாருடைய குழந்தையோ இன்று அங்கே கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு மோதிரம். பல்லைக் கடித்துக்கொண்டு மீரா மாமியாரிடம் போய், லாப் வரைக்கும் போய்வருகிறேன், அவர் இல்லாமல் அங்கே ஏதோ தகராறு என்றாள். பையன் வந்தால் நான் பார்த்துக்கிறேன், நீ போ என்றாள் லலிதாம்பாள்.

அவசரம் என்றுதான் கிளம்பினாள். ஆனால் அலமாரியைத் திறந்து நின்றுவிட்டாள். கையில் எடுத்த சுடிதாரை வைத்துவிட்டு, போன ஓணத்துக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டினாள். கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாள். குழந்தைக்காகப் போகிறவளுக்கு எதற்கு இது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் கொசுவத்தை இன்னொரு தடவை நீவிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினாள்.

லாபில் அவள் சுமந்தின் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்தவள் நல்ல உயரம், விரலில் அந்தச் சிவப்புக் கல் மோதிரம். மாநிறம், பெரிய கண்கள், சிரிக்காமலே சிரிப்பது போன்ற முகம். அழகாகத்தான் இருந்தாள். நினைத்ததைவிட அழகாக. மீரா புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"சாருக்க ஒய்ஃபா? வாங்க அக்கா, வாங்க. சாருக்குக் கல்யாணம் கழிஞ்சதுண்ணு தெரியும். வேற ஒண்ணும் அவரு சொன்னதில்ல."

ஒன்றும் சொன்னதில்லை. வீட்டில் தினம் தினம் ஷெமியின் புராணம். இங்கே மீரா என்று ஒரு பெயர்கூட இல்லை. அவள் தன் குரலை அடக்கிக்கொண்டு, லேபிள் அடிக்கிற புரோகிராமைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொன்னாள்.

ஷெமி தயங்கினாள். "அது சாரு தனியா இருந்து எழுதினதாக்கும் அக்கா. இங்க உள்ள யாருக்கும் அது மனசிலாகாது. கை வெச்சு வேற ஏதாவது ஆயிட்டா?"

மீரா அவளைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கள்ளம் எதுவும் இல்லை. மரியாதை இருந்தது, கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இப்படி ஒரு வேலை தெரிந்த சாரோடு வேலை பார்க்கிறோம் என்கிற பெருமை. இந்தப் பார்வையைத்தான் சுமந்த் தினமும் சட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான் என்று மீராவுக்குச் சட்டென்று பிடிபட்டது. அது அவளுக்கு வரவேண்டிய பார்வை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதியவள் அவள். இத்தனை நாளும் ஷெமியைப் பார்த்து எரிந்த எரிச்சல் அப்படியே இடம் மாறிப் புருஷன் மேல் போய் உட்கார்ந்தது. இது முன்னதைவிடச் சூடாக இருந்தது.

இதற்குள் லாபின் தலைமை டாக்டர் எலிசாள் உள்ளேயிருந்து வந்துவிட்டார். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள். என்ன விஷயம் என்று கேட்டார். சுமந்தின் மனைவி, புரோகிராமைத் திறக்கச் சொல்கிறார் என்றாள் ஷெமி. உங்களுக்கு இது தெரியுமா என்று டாக்டர் மீராவைக் கேட்டார்.

"நான்தான் எழுதினேன்," என்றாள் மீரா.

ஷெமியின் வாய் லேசாகத் திறந்தது. டாக்டர் எலிசாள் ஒரு கணம் மீராவின் முகத்தையே பார்த்துவிட்டு, திறந்து கொடு என்றார்.

திரையில் வரிகள் வந்தன. இத்தனை வருஷம் கழித்தும் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. எங்கே ஆரம்பிக்கவேண்டும், பெயர் எங்கே, வயது எங்கே. பார்கோடுக்கு வந்ததும் விரல் நின்றது. அதற்கு முன்னால் ஒரு வரி இருக்க வேண்டும், கோட்டின் அகலத்தைச் சொல்கிற வரி. பி, ஒய், இரண்டு. அவள் எழுதியிருந்தாள், நிச்சயமாக எழுதியிருந்தாள். இப்போது இல்லை.

ஆனாலும் கணக்கு உதைத்தது. அந்த வரி இல்லாவிட்டாலும் பிரிண்டர் தானாகவே இரண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். பின்னே ஏன் தடிக்கிறது? சிலவற்றில் மட்டும் ஏன்?

"ஷெமி, இது எப்ப ஆரம்பிக்கும்? காலம்பறயா, சாயங்காலமா?"

ஷெமி நெற்றியைச் சுருக்கினாள். "அப்படி நேரம் ஒண்ணும் இல்ல அக்கா. ஆனா கிளையிலேர்ந்து ரத்தக் குழாய் பெட்டி வந்தா பின்ன சனியன் பிடிச்ச மாதிரிதான். இன்னிக்குத் திங்களாழ்ச்ச இல்லியா, பெட்டி வந்துகிட்டே இருக்கு."

"பெட்டிக்கும் லேபிள் உண்டா?"

"உண்டு, பெருசு. இதே பிரிண்டர்தான். ரோலை மாத்திப் போடுவோம். சாரு புதுசா செய்து தந்ததாக்கும்."

மீரா அந்த இன்னொரு புரோகிராமைத் திறந்தாள். அவளுடைய வரிகளையே பார்த்து எழுதி, பெட்டியின் பெரிய லேபிளுக்காக அகலத்தை மட்டும் மூன்று என்று சுமந்த் போட்டிருந்தான். ஒரு தடவை மூன்று என்று சொன்னால் பிரிண்டர் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேறு ஒன்று சொல்கிறவரைக்கும், அல்லது மின்சாரம் போகிறவரைக்கும் மூன்றுதான். பெட்டிக்குப் பிறகு அடிக்கிற சின்ன லேபிளெல்லாம் அதனால்தான் தடித்து ஓரத்தில் வெட்டுப்பட்டது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியானதும் அதனால்தான். பெட்டி என்று ஷெமி சொல்லியிராவிட்டால் மீரா இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். அதை மனதுக்குள் ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

விட்டுப்போன வரியை இருந்த இடத்தில் எழுதினாள். பெட்டி லேபிள் ஒன்று அடிக்கச் சொன்னாள். ரோலை மாற்றி உடனே குழாய் லேபிள் ஒன்று. ஷெமி கிழித்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை இடம். ஸ்கேனர் 'கீக்' என்றது. அழுகிற அம்மாவின் குழந்தையுடைய குழாயில் இருந்த பெயரைச் சரிபார்த்து, புது லேபிளை ஒட்டி மெஷினில் வைத்தார்கள். எடுத்துக்கொண்டது. மறுபடியும் ஊசி வேண்டாம் என்று சொல்ல ஷெமி வாசலுக்கு ஓடினாள். ஓடும்போது மீராவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சுமந்த் வந்தபோது அவன் முகமே சொல்லிற்று, ஷெமி போன் பண்ணிவிட்டாள் என்று. அம்மா இருந்ததால் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்தான். கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் ஆற்றங்கரைப் பக்கம் போனார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"டாக்டர் முன்னாடியா சொல்லணும்?" என்றான்.

"கேட்டா, சொன்னேன்."

"நான் ஒருநாளும் நான் எழுதினேன்னு சொன்னதில்லை மீரா. அவாளா நெனச்சுண்டா."

"நீயும் இல்லைன்னு சொல்லலை."

அவன் படித்துறைக் கல்லைக் காலால் தேய்த்தான். அந்த வரியை ஏன் எடுத்தாய் என்று அவள் கேட்டாள். எடுத்தாலும் லேபிள் ஒரே மாதிரிதான் வந்தது, வெறுமே கிடக்கிறதே என்று அழித்துவிட்டேன் என்றான். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஷெமி வந்து சந்தேகம் கேக்கறபோது எனக்கு நன்னா இருந்தது. கம்பெனியில என்கிட்ட யாரும் கேட்டதில்லை. எல்லாரும் உன் மேஜைக்குத்தான் வருவா. நானும் வருவேன். அது உனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ."

மீராவுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வருகிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. அவனும் எரிந்திருக்கிறான், அதுவும் அவளைப் பார்த்து. இத்தனை வருஷமாக அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு.

"அந்தப் போட்டோவைக் காட்டினியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுடுத்து," என்றாள். "கோடு தடிச்சிருக்குன்னு. வேணும்னுதான் சொல்லலை."

சுமந்த் திரும்பிப் பார்த்தான். "ஏன்?"

"அவ கையைப் பாத்தேன். சொல்லத் தோணலை."

அவன் சிரிப்பான் என்று அவள் பயந்தாள். அவன் சிரிக்கவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துவிட்டு, போலாம், அம்மா தேடுவா என்றான். வழியெல்லாம் அவன் ஓரடி முன்னால் நடந்தான். சமாதானம் என்றும் சொல்ல முடியாது, சண்டை என்றும் சொல்ல முடியாது.

அந்த வாரமே டாக்டர் எலிசாள் மீராவைக் கூப்பிட்டனுப்பினார். கிளைகளுக்கெல்லாம் லேபிள் வேலை இருக்கிறது, பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் மட்டும் வந்தால் போதும் என்றார். சுமந்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்த மீரா, வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். லாபில் இப்போது ஷெமி சந்தேகங்களை மீராவிடம்தான் கொண்டுவந்தாள். அக்கா, அக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுமந்தின் முதுகு விறைப்பாகத் தெரியும். முதல் சில நாட்கள் அந்த முதுகைப் பார்க்க மீராவுக்கு இனித்தது. பிறகு இனிப்புக் குறைந்தது. ஆனாலும் அவனும் ஷெமியும் டீ மேஜையில் நின்று சிரித்தால் அவள் கை கீபோர்டில் நின்றுவிடும். அது போகவில்லை. போகும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பழைய பிரிண்டர் பழுதாகி, வேறு கம்பெனியின் பிரிண்டர் ஒன்று வந்தது. அதற்கு மீராவின் கட்டளைகள் ஒன்றுமே புரியவில்லை. அதனுடைய பாஷையே வேறு. காலையிலிருந்து உட்கார்ந்து அவள் புதிதாக எழுதினாள். முதல் லேபிள் பழுதில்லாமல் வந்தது. இரண்டாவதில் முதல் ஆளின் பெயர் மேலேயே அடுத்த ஆளின் பெயர் விழுந்தது. மூன்றாவதில் மூன்று பேரும் ஒன்றின் மேல் ஒன்றாக, வெறும் கரி. திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. ஷெமி பின்னால் நின்று உச்சுக் கொட்டினாள்.

சுமந்த் டீக் கோப்பையோடு தடுப்பைத் தாண்டி வந்தான். கொஞ்ச நேரம் குனிந்து திரையைப் பார்த்தான். கொஞ்சம் நகரு என்றான். நின்றபடியே, எல்லாவற்றுக்கும் மேலே மூன்றே எழுத்துள்ள ஒரு வரியை அடித்தான். முந்தின லேபிளை நினைவிலிருந்து துடைத்துவிடு என்று பிரிண்டருக்குச் சொல்கிற வரி. லேபிள் வந்தது. ஒரே பெயர், ஒரே பார்கோடு. ஷெமியின் கையில் இருந்த ஸ்கேனர் 'கீக்' என்றது.

"அது செரி சாரே," என்றாள் ஷெமி. பழைய பார்வை மறுபடியும் அவன் பக்கம் திரும்பியது.

மீராவுக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. ஷெமி அவனைப் பார்த்ததற்கு இல்லை. அந்த வரி தனக்குத் தோன்றாமல் அவனுக்குத் தோன்றியதற்கு.

"எங்கே படிச்சே இதை?"

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவன் டீயைக் குடித்தான்.

மறுநாள் பையனைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிடும் பொறுப்பை அவனிடம் விட்டுவிட்டு, மீரா முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனாள். லாபில் பெருக்குகிறவர்கள்தான் வந்திருந்தார்கள். புதுப் பிரிண்டரின் கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு முதல் கட்டளையிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.